சிபியூ என்றால் பெட்டி

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சந்திரமோகனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கம்ப்யூட்டர் மாப்ள’ என்றால்தான் தெரியும். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று சொல்லித்தான் அந்த ஊர்ப் பெண் கலைமணியை அவருக்குக் கட்டிவைத்தார்கள். அதில் பொய் ஏதுமில்லை. கம்பெனி கம்ப்யூட்டர் கம்பெனிதான், அவர் பார்த்ததும் வேலைதான். என்ன வேலை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வலிந்து பதில் சொல்லும் வழக்கம் அவருக்கும் இல்லை.

கொரோனா சமயத்தில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது மனைவியின் ஊரோடு வந்து சேர்ந்து, மாரண்டஹள்ளியில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை ஒன்று போட்டார். கடைக்கு வந்தவர்கள் குழாயைப் பற்றிக் கேட்டதைவிட செல்போனைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். பட்டா திறக்கவில்லை, கேஸ் சிலிண்டர் பதிவாகவில்லை, பணம் போனது ஆனால் போய்ச் சேரவில்லை என்று எதைக் கொண்டுவந்தாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “சர்வர் பிரச்சினைங்க, நாளைக்குப் பாருங்க” என்பார். பாதிக்குமேல் அது சரியாகவும் இருந்துவிடும். ஊருக்கு வேறென்ன வேண்டும்?

கலைமணியின் அண்ணன் மாதையன் தக்காளி விவசாயி. அவர் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. தக்காளி விலை வானத்துக்கு ஏறிய ஒரு வருஷம், மகள் காவியா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது வாங்கிப் போட்டது. அந்த மாதிரி விலை மறுபடி வந்தால்தானே அந்த மாதிரி இன்னொன்று வாங்க! பூப்போட்ட உறை மாட்டி, சாமி அலமாரிக்குப் பக்கத்தில், வீட்டில் ஒரு ஆளாக அது இருந்தது. இப்போது கிழடு தட்டிவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் அடுப்பில் பால் காய்ச்சி இறக்கி வரலாம், அப்போதும் அது விழித்திருக்காது.

காவியா தருமபுரியில் பி.சி.ஏ. முடித்திருந்தாள். ஓசூரில் ஒரு கணக்கு ஆபீஸ்காரர்கள் வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைகளின் பில்களை வாங்கி ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஒரே நிபந்தனை, நல்லபடியாக ஓடுகிற கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் இல்லையென்றால் வேலை வேறு பெண்ணுக்குப் போய்விடும். அந்த வருஷமோ தக்காளி பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. புதுசு வாங்குகிற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

காவியா அதற்கெல்லாம் அசரவில்லை. கூடப் படித்த பெண்ணிடம், வேகத்தைக் கூட்டுகிற பழைய எஸ்.எஸ்.டி. ஒன்றும் ரேம் ஒன்றும் கெஞ்சி வாங்கி மாட்டிவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு சாமான்.

“ஐ-ஃபைவ் சிபியூ ஒண்ணு பழசுல வாங்கிப் போட்டாப் போதும்பா. இன்னும் அஞ்சாறு வருஷத்துக்கு ஓடும். நானே ஆன்லைன்ல ஆர்டர் போட்டுக்கறேன்” என்று அவள் அப்பாவிடம் சொன்ன நேரத்தில்தான் சந்திரமோகன் உள்ளே நுழைந்தார்.

“நீ எதுக்கு ஆர்டர் போடற? ஏமாத்திருவானுங்க. மாமன் நான் எதுக்கு இருக்கறேன்?” என்றார்.

“இல்லீங்க மாமா, அது வந்து...”

“வுடு கண்ணு. ஐ-ஃபைவ் சிபியூ. அவ்ளோதான?”

மாதையனுக்கு வாயெல்லாம் பல். “மாப்ள பார்த்துக்குவாரு, நீ பேசாம இரு” என்று மகளை அடக்கிவிட்டு, இருந்த பணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் சிபியூ என்றால் பெட்டி. மேஜைமேல் இருப்பது மானிட்டர், கீழே நிற்கிற பெட்டி சிபியூ. பள்ளிக்கூடத்தில் அப்படி, இ-சேவை மையத்தில் அப்படி, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிறவர்கள் வாயிலும் அப்படி. சந்திரமோகன் வேலை பார்த்த கம்பெனியின் குடோனில்கூட அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குள்ளே, பலகையின் நடுவில் உட்கார்ந்திருக்கிற சின்னச் சில்லுக்குத்தான் உண்மையில் அந்தப் பெயர் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். காவியாவுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் மாப்பிள்ளைக்குத் தெரியாது.

போனில் தேடிப் பார்த்தார். விலையைக் கண்டதும் அவருக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு மலிவு. படத்தில் சதுரமாக ஒரு தகடு மட்டும் தெரிந்தது. பெட்டியின் முகப்பில் ஒட்டுகிற சின்னத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அந்த மாதிரிச் சின்னங்களை அவர் கையாலேயே எத்தனையோ ஒட்டியிருக்கிறாரே! ஆர்டர் போட்டுவிட்டு, டீக்கடை, பால் சொசைட்டி, தன் கடை என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சொல்லிவைத்தார். “முழு சிபியூ. ஐ-ஃபைவ். என்ன விலைக்கு அடிச்சேன் தெரியுமா? எங்க தேடணும்னு தெரியணும்ங்க.”

பார்சல் வந்த அன்று சாயங்காலம் பால் சொசைட்டி முன்னால் வரிசை நின்றது. காவியா கேனோடு வரிசையில் இருந்தாள். சந்திரமோகனுக்கு மாடு கன்று கிடையாது, பேச்சுக்காக வந்து நின்றுகொண்டிருந்தார். முதுகில் பெரிய பையோடு பூவரசன் பைக்கில் வந்து நின்றான். பார்சல் கொண்டுவருகிறவன். மீசை வைத்து, கல்யாணமாகி, கைக்குழந்தையும் உள்ள ஆள். ஆனாலும் காலனிக்காரன் என்பதால் ஊர்த்தெருவுக்கு அவன் ‘அந்தப் பையன்’தான்.

“சார், உங்களுக்கு ஒண்ணு இருக்குதுங்க” என்று உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான்.

“என்னா இது?”

“உங்க பார்சல்தாங்க சார்.”

“நான் போட்டது சிபியூடா. சிபியூ! அது எங்க?”

“எனக்குக் குடுத்து வுட்டது இதுதாங்க.”

சந்திரமோகன் அங்கேயே பிரித்தார். உள்ளே பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்குள் பிஸ்கட் அளவுக்கு ஒரு தகடு. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “என்ன மாப்ள, வர்ற வழியில வெய்யில்ல சிபியூ சுருங்கிப்போச்சா?” என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது. காது மடல்கள் சூடாகி, வார்த்தைகள் தாமாகவே வந்து விழுந்தன. “உள்ள இருந்ததை எடுத்துக்கிட்டு எதையோ வெச்சு ஒட்டிக் கொண்டாந்திருக்கான். டேப் ஒட்டின லட்சணத்தைப் பார்த்தாலே தெரியலையா? நான் பார்க்காத டேப்பா?”

“மாமா...” என்று காவியா ஓரடி முன்னால் வந்தாள்.

“நீ சும்மா இரு. இவனுங்க பண்ற திருட்டெல்லாம் உனக்குத் தெரியாது.”

பூவரசனின் முகம் மாறியது. “சார், பார்த்துப் பேசுங்க. நான் எதுக்குங்க எடுக்கறேன்?”

பார்த்துப் பேசுங்க. அவ்வளவுதான் அவன் சொன்னது. சந்திரமோகனின் கை நீண்டுவிட்டது. அறை விழுந்த சத்தத்தில் பால் அளந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்து அளக்க ஆரம்பித்தார். வரிசையில் ஒருவரும் ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பூவரசன் அவரைப் பார்க்கவில்லை, வரிசையைத்தான் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரைக்கும் பார்த்தான். பிறகு பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

சந்திரமோகன் அன்றைக்கே பார்சல் கம்பெனிக்குப் போனில் புகார் கொடுத்தார். வீட்டில் கலைமணி, “அடிச்சீங்களாமே?” என்று கேட்டதற்கு, “பேச்சு வாக்குல கை நீண்டிருச்சு” என்றார். மறுநாளிலிருந்து பார்சலுக்கு வேறு ஆள் வந்தான். விசாரணை முடிகிறவரைக்கும் பூவரசனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். “நல்லா விசாரிக்கட்டும்” என்றார் சந்திரமோகன். சொன்னபோது குரல் கணீரென்று இருந்தது.

காவியா மட்டும் இரண்டு தடவை கடைக்கு வந்து, “அந்த சிப்பைக் கொஞ்சம் குடுங்க மாமா, பார்த்துட்டுத் தர்றேன்” என்று கேட்டாள். “அது சாட்சி. யார் கையிலயும் குடுக்கக் கூடாது” என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டி அனுப்பிவிட்டார். அவள் ஏதோ சொல்ல வந்து, கடையில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சாட்சியைப் பலப்படுத்தத்தான் அவர் தருமபுரிக்குப் பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் முருகன் என்பவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். ஒன்றுக்கும் உதவாத சாமான் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால், அதைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிடலாம் என்பது திட்டம். போனைத் தயாராகக்கூட வைத்துக்கொண்டார்.

முருகன் கூட்டைத் திறந்து தகட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் எழுத்துகளைப் படித்தார். “ஐ-ஃபைவ். நல்ல சிபியூங்க. கீறல்கூட இல்ல. எங்க புடிச்சீங்க?”

“எது?”

“இந்த சிபியூதாங்க.”

சந்திரமோகன் சுற்றிலும் பார்த்தார். மேஜைமேல் திறந்துபோட்ட பெட்டி ஒன்று கிடந்தது. முருகன் தகட்டைப் பெட்டிக்குள் இருந்த பலகையின் சதுரக் குழிக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். “உங்க போர்டு இதே மாதிரின்னா அப்பிடியே உக்காந்துரும். இந்த விலைக்கு இது கிடைச்சதே பெருசுங்க.”

“தெரியும், தெரியும்” என்றார் சந்திரமோகன். “சும்மா கன்ஃபார்ம் பண்ணிக்கலாம்னுதான் வந்தேன்.” போனைப் பையில் போட்டார். கை வியர்த்து வழுக்கியதால் முதல் தடவை அது பையில் நுழையவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்குக் காற்று அடித்தும் உடம்பு எரிந்தது. நல்ல சிபியூங்க, நல்ல சிபியூங்க என்று அந்த ஆள் குரலே காதுக்குள் ஓடியது. ஊரெல்லாம் சொல்லிவைத்த தன் வாயை நினைக்க நினைக்கக் கூசியது. தெரிந்தால் எப்படிச் சிரிப்பார்கள்! டீக்கடையில் ஒரு வருஷத்துக்கு வைத்து ஓட்டுவார்கள். மாதையன் மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது? பெங்களூரில் என்ன கிழித்தாய் என்று கேட்டுவிட்டால்? இதெல்லாம் நினைத்தார். பூவரசனை நினைக்கவில்லையா என்றால், நினைத்தார், கடைசியில். அதுவும் புகாரைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிவிட்டால் அவன் பாட்டுக்கு வேலைக்குப் போய்விடுவான், ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்கிற அளவில்தான் நினைத்தார்.

பஸ்ஸிலிருந்தே போன் போட்டார். புகார் விசாரணைக்குப் போய்விட்டது, வாபஸ் வாங்குவதானால் நேரில் பாலக்கோடு ஆபீஸுக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும் என்றார்கள். காரணம்! தகட்டை ஜன்னல் வழியாக வீசிவிட்டால் சாட்சியும் போயிற்று, சங்கடமும் போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. சட்டைப் பைக்குள் கைகூடப் போனது. அது காவியாவின் வேலை என்பது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார். அப்படி நினைக்க முடிந்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஊரில் இறங்கி மாதையன் வீட்டுப் பக்கம் வந்தபோது உள்ளே சத்தம் கேட்டது.

“படிச்ச புள்ளதான நீ? எதை ஆர்டர் போடறதுன்னு தெரியாம அந்த மனுசனை இழுத்து வுட்டு, ஊர் முன்னால அசிங்கப்படுத்தி வெச்சிருக்கற!” மாதையன் கத்திக்கொண்டிருந்தார். வாசலில் சந்திரமோகனைப் பார்த்ததும், “வாங்க மாப்ள, வாங்க. இவ பண்ண காரியத்தைக் கேளுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

விஷயம் இதுதான். காவியா காலையில் பஸ் ஏறிப் பாலக்கோட்டுக்குப் போய் பார்சல் ஆபீஸில் பேசியிருக்கிறாள். தப்பு தன்னுடையது, மாமாவிடம் சாமானின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன், அவர் நான் சொன்னதைத்தான் ஆர்டர் போட்டார், வந்தது சரியான பார்சல்தான், பூவரசன் அண்ணன்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். புகார் கொடுத்தவர் வந்து சொன்னால்தான் செல்லும் என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு சிபியூ எது என்று தெரியவில்லையாம் என்று சொசைட்டியில் பேச்சு.

காவியா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. தலையை நிமிர்த்தி சந்திரமோகனை ஒரு தரம் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பால் வரிசையில் ஓரடி முன்னால் வந்தபோதே இவளுக்குத் தெரியும். கடைக்கு வந்து நின்றபோதும் தெரியும். மாமனின் மானம் போகக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு, மூட முடியாமல் போனதும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மாதையனின் மனைவி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். மாதையன் மகளைத் திட்டுவதை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “உங்க பேர் கெட்டதுதான் மாப்ள எனக்கு வருத்தம்” என்று மாதையன் சொன்னபோது தலையைக்கூட ஆட்டினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆட்டினார். தண்ணீர் தீர்ந்த சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கீழே வைத்தால் பேச வேண்டியிருக்கும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் வைத்தார். “மச்சான், அவ சரியாத்தான் சொன்னா. எனக்குத்தான் தெரியல. சிபியூன்னா பொட்டின்னு நெனச்சுட்டேன்.”

மாதையன் அவரையே பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது. “பார்த்தியா?” என்று மகள் பக்கம் திரும்பினார். “மனுசன்னா இவரு மனுசன். உனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு பழியத் தன்மேல போட்டுக்கறாரு பாரு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தவருக்கு சிபியூ தெரியாதாம்! யார் நம்புவா?”

“இல்லீங்க மச்சான், நெசமாத்தான்...”

“வுடுங்க மாப்ள. உங்க குணம் எங்களுக்குத் தெரியாதா?”

எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் இன்னும் பெரிய மனுசனாகிக்கொண்டே போனார். மாதையனின் மனைவி காபி போட உள்ளே ஓடினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை. மேலெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் இருந்தது.

“நான் அங்க பேக்கிங்ல இருந்தேன் மச்சான்” என்றார். குரல் சின்னதாக வந்தது. “பொட்டி வரும். சின்னத்தை ஒட்டுவேன், அட்டையில வெச்சு டேப் ஒட்டுவேன், அடுக்குவேன். அவ்ளோதான் வேலை. ஒரு நாள்கூட ஒரு பொட்டியைத் திறந்து பார்த்ததில்ல. உள்ள என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரியாது.”

மாதையன் முதலில் சிரித்தார். சிரிப்புப் பாதியில் நின்றது. உள்ளே காபி டம்ளர் வைக்கிற சத்தமும் நின்றது. சந்திரமோகன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கூட்டை எடுத்து நீட்டினார், காவியா வந்து வாங்கிக்கொண்டாள்.

என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் கைக்கு வேலை கிடைத்தால் நல்லதுதானே. அவள் பூப்போட்ட உறையை உருவிவிட்டு, பெட்டியைத் தரையில் சாய்த்துப் போட்டு, பக்கத் தகரத்தைக் கழற்றினாள். உள்ளே விசிறியில் தூசி பஞ்சாய்த் திரண்டிருந்தது. பழைய துணியால் வழித்தெடுத்தாள். சந்திரமோகன் கேட்காமலே கீழே உட்கார்ந்து போனில் டார்ச் அடித்துக் காட்டினார். விசிறியை எடுத்ததும் அடியில் காய்ந்த பசைக்கு நடுவே அதே போல ஒரு சதுரத் தகடு இருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். அவள் பழசை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள், கம்பியை அழுத்திப் பூட்டினாள், மேலே ஒரு துளி வெள்ளைப் பசை வைத்து விசிறியை மாட்டினாள்.

சுவிட்சைப் போட்டாள். மாதையன் ஒரு கொட்டாவி விடுவதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது.

“அட!” என்றார் மாதையன். முகத்தில் இருந்த இறுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. “இதா சாமான்? வேலை செய்யுதே! அப்போ எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. வுடுங்க மாப்ள, பேக்கிங்கோ கீக்கிங்கோ, வேலைன்னா வேலைதான். புள்ளைக்கு வேலை கிடைச்சுது, அது போதும்.”

“அந்தப் பூவரசன்...” என்றார் சந்திரமோகன்.

“அந்தப் பையனா? அதுக்கென்ன, நாளைக்கு ஆபீஸுல ஒரு வார்த்தை சொன்னா வேலைக்கு எடுத்துக்குவாங்க. ஒரு அடி வாங்கினா என்ன, தேஞ்சா போயிருவான்?”

காவியா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் கை மவுஸின்மேல் அசையாமல் இருந்தது. “நம்ம தெருப் பையனா இருந்தா அடிச்சிருப்பீங்களா மாமா?” என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் அதட்டியிருக்கலாம். அவள் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் கேட்டாள். சந்திரமோகனுக்குப் பதில் தெரியும். தெரு ஆள் ஒருவன் பார்சல் கொண்டுவந்து, அவனும் பார்த்துப் பேசுங்க என்று சொல்லியிருந்தால், அவர் சத்தம் போட்டிருப்பார், புகார் கொடுத்திருப்பார், கை மட்டும் இடுப்பிலேயே இருந்திருக்கும். சிபியூ தெரியாததற்காக பஸ்ஸில் அவ்வளவு தூரம் கூசிக்கொண்டு வந்தோமே என்று இருந்தது. அந்தக் கூச்சமெல்லாம் ஒரு கூச்சமா! அவருக்கு உண்மையிலேயே வெட்கம் வந்தது இப்போதுதான். எழுந்து செருப்பை மாட்டினார்.

“காபி, மாப்ள...” என்று மாதையன் பின்னால் கூப்பிட்டார்.

காலனி பக்கந்தான். ஆனால் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். தப்பு நடந்துபோச்சு. ஆத்திரத்துல கை நீண்டிருச்சு. என்னமோ ஆயிருச்சு. எல்லாமே யாரோ வேறு ஆள் செய்துவிட்டுப் போனதுபோல்தான் வந்தது. வாய் அதற்குத்தான் பழகியிருந்தது.

பொழுது சாய்கிற நேரம். பூவரசனின் வீட்டைக் குழாயடியில் கேட்டார், அங்கிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காட்டினார்கள். பைக் வாசலில் நின்றது. முதுகில் மாட்டுகிற பெரிய பை அதன்மேல் மடித்துக் கிடந்தது. வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அவன் அம்மா தெரசா அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள். முறம் சரிந்தது. வீட்டுக்குள் திரும்பி, அடக்கின குரலில், “டேய், அந்த ஆளு வந்திருக்காரு. புள்ளையத் தூக்கிக்கிட்டுப் பின்னால போயிரு, போ” என்றாள். அடக்கிச் சொன்னாலும் அவருக்குக் கேட்டது.

பிறகு அவள் ஓடிவந்து பைக்கின் மேலிருந்த பையை எடுத்து அவர் முன்னால் தலைகீழாக உதறினாள். “பாருங்க சார், ஒண்ணுமில்லீங்க. வூட்டுக்குள்ள வேணாலும் வந்து பாருங்க. எம் பையன் அப்பிடி எடுக்கறவன் இல்லீங்க.”

பையிலிருந்து தூசியும் ஒரு கிழிந்த டேப் துண்டும் விழுந்தன. “எடுக்கலீங்கம்மா” என்றார் சந்திரமோகன். “அவரு எதையும் எடுக்கல. வந்தது சரியான பார்சல்தான். எனக்குத்தான் அது என்னன்னு தெரியல.”

அவளுக்கு அது உடனே மண்டையில் ஏறவில்லை. அவர் ஏன் வந்திருக்கிறார், இனி என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வரவில்லை என்று மெல்லப் புரிந்ததும் அவள் முகத்தில் பயம் குறைந்து, அவரைச் சமாதானப்படுத்துகிற அவசரம் வந்தது. குழாயடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“பரவால்லீங்க சார். நீங்க வேற இவ்ளோ தூரம் எதுக்கு வந்தீங்க? நானும் அவங்கிட்ட அதான் சொன்னேன். அவரு வேணும்னு அடிச்சிருக்க மாட்டாருடா, ஆத்திரத்துல கை தவறிப் பட்டிருக்கும்னு.”

வழியெல்லாம் அவர் தேடிக்கொண்டு வந்த வாசகத்தை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குள் கைக்குழந்தை சிணுங்கியது. பூவரசன் பின்பக்கமாகப் போகவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவு மறைவில்தான் நின்றிருந்தான்.

“கை தவறலீங்கம்மா” என்றார் சந்திரமோகன், கதவைப் பார்த்து. “நான்தான் அடிச்சேன்.”